மையும் லத்தியும்

(போலீஸ் இலாகாவில் பல வருஷகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர், சுயமரியாதைச் சங்கக் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்.)



போலீஸ்காரனாய் இருந்தவனைக் கூப்பிட்டு "உன் அனுபவத்தைச் சொல்" என்றால், துப்பாக்கிச் சண்டை, கொள்ளைக்காரனைத் துரத்திப் பிடித்தது, இருட்டில் காட்டில் அலைந்தது என்று சொல்லுவான் என எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் சினிமாக்காரர்கள் நன்றாய்க் காட்டுகிறார்கள். அவர்களோடு போட்டி போட எனக்குச் சக்தியில்லை (சிரிப்பு). நான் சொல்ல வந்தது வேறு. ஒரு போலீஸ் ஸ்டேஷனில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவனுக்கு, இந்த நாட்டு ஜனங்கள் எதை நம்புகிறார்கள், ஆபத்து வந்தபோது அந்த நம்பிக்கையில் எவ்வளவு மிஞ்சுகிறது, அந்த நம்பிக்கையால் யார் தலை உருளுகிறது என்பவை எல்லாம் பிரத்தியட்சமாய்த் தெரியும். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டில் திருட்டுப் போனவன் யாரும் "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று சும்மா இருப்பதில்லை. "எல்லாம் தலைவிதி" என்று ஊருக்கு உபதேசிக்கிறவர் வீட்டில் கொலுசு காணாமற் போனால், அது கொலுசின் தலைவிதி என்று அவர் சொல்லுவதில்லை. விடிவதற்குள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார். கோவில் உண்டியல் உடைந்தால் குருக்களே வருகிறார். உண்டியலுக்கு எத்தனை பூட்டு, சாவி யார் யாரிடம், கடைசியாய் எண்ணியது எந்தத் தேதி என்று நாங்கள் கேட்டால், ஒன்றுவிடாமல் பதில் சொல்லுகிறார். "பக்கத்தில் சாமி இருந்தாரே, அவர் பார்க்கவில்லையா?" என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் மேலதிகாரிக்கு மனுப் போய்விடும் (சிரிப்பு). ஆகவே, கஷ்டம் வந்த நேரத்தில் எல்லோரும் பகுத்தறிவுவாதிகள்தான். கஷ்டம் இல்லாத நேரத்தில்தான் பக்தர்கள்.

மை பார்த்தல்

ஆனால் தோழர்களே, ஸ்டேஷனுக்கு வருகிறவர்களில் பலர் நேரே வருவதில்லை. வழியில் மந்திரவாதி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறார்கள். வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெற்றிலையிலோ, கட்டைவிரல் நகத்திலோ கறுப்பு மையைத் தடவி, ஒரு சிறு பிள்ளையை உட்கார வைத்து, விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கச் சொல்லுவார்கள். பளபளக்கிற மையில் விளக்கின் நிழல் ஆடும். கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏதோ ஒன்று அசைவது போலத்தான் தெரியும். உடனே மந்திரவாதி, "ஆள் வருகிறதா? ஆணா, பெண்ணா? சிவப்பா, கறுப்பா? வீட்டுக்குள் வந்து போகிற ஆள்தானே?" என்று கேட்பான். பிள்ளைக்குப் பயம். பெரியவர்கள் எல்லோரும் சுற்றி நின்று தன் வாயையே பார்க்கிறார்கள். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்லிவிடுகிறது. பிள்ளை பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் எதை வேண்டினார்களோ அதைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

மந்திரவாதிக்கு அது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பறிகொடுத்தவர்தான் சொல்லிக்கொடுத்தார். உள்ளே வந்து உட்காரும்போதே, "வீட்டில் வேலை செய்கிறவள் இரண்டு நாளாய் ஒரு மாதிரியாய் இருக்கிறாள்" என்று புலம்பிவிடுகிறார். அந்தச் சந்தேகத்தையே மந்திரவாதி மையில் தோய்த்துத் திருப்பிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்ளுகிறான். நம் சரக்கை நமக்கே விற்கிற வியாபாரம் இதைப்போல உலகத்தில் வேறில்லை (சிரிப்பு).

நான் பார்த்த ஒரு கேஸைச் சொல்லுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். வசதியான குடும்பம். பெட்டியில் வைத்திருந்த சங்கிலி போய்விட்டது. புகார் கொடுக்க வந்த வீட்டுக்காரர் கையோடு திருடியையும் கொண்டுவந்துவிட்டார். பாத்திரம் துலக்குகிற ஒரு தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்பிள்ளை. "மையில் தெரிந்துவிட்டதுங்க. கறுத்த மேனி, கொல்லைப்புறமாய் வந்து போகிறவள் என்று சொல்லிவிட்டான். நீங்கள் இரண்டு தட்டுத் தட்டினால் கக்கிவிடுவாள்" என்றார். அந்த அம்மாள், "நான் எடுக்கலீங்க சாமி, என் பிள்ளை மேலே ஆணைங்க" என்று அழுதுகொண்டே நின்றாள். இது எங்களுக்கு வந்த புகாரே அல்ல, தீர்ப்பாகவே எழுதி எடுத்துவந்திருந்தார்கள். தண்டனையை நிறைவேற்றுவதுதான் எங்கள் வேலை என்பது அவர்கள் எண்ணம்.

அந்த அம்மாளை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நாங்கள் செய்தது மிகவும் சாதாரணமான வேலை. பூட்டைப் பார்த்தோம். உடைபடவில்லை. சாவி இருக்குமிடம் யாருக்குத் தெரியும் என்று விசாரித்தோம். பிறகு அக்கம்பக்கத்து ஊர்களில் அடகுக் கடைகளை ஏறி இறங்கினோம். 1943ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் அடகு பிடிப்போருக்கு ஒரு சட்டம் செய்து, கணக்குப் புஸ்தகம் வைக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அந்தப் புஸ்தகம் வெற்றிலையைப் போல வாடாது. ஒரு கடைப் புஸ்தகத்தில் அந்தச் சங்கிலி இருந்தது. அடகு வைத்த கையெழுத்து அந்த வீட்டு மூத்த பிள்ளையாண்டானுடையது! உடனே வீட்டுக்காரர், "குடும்ப விஷயம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறேன்" என்றார். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. மை பொய்த்துவிட்டதே என்று மந்திரவாதியிடம் காசைத் திருப்பிக் கேட்டாரா? அதுவும் இல்லை. அடுத்த ஆடி மாதம் அதே மந்திரவாதியிடம் வேறு காரியத்துக்காகப் போனாராம்.

இதில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. எத்தனையோ மைத் தீர்ப்புகள் என் காதில் விழுந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட ஒரு மிராசுதாரையோ, ஒரு வக்கீலையோ, ஒரு சாஸ்திரிகளையோ, வீட்டு மூத்த பிள்ளையையோ காட்டியதில்லை. காட்டியதெல்லாம் வேலைக்காரியை, மாடு மேய்க்கிற பையனை, வெளியூரிலிருந்து வந்த கூலியாளை, விதவையாகி வந்து தங்கியிருக்கிற நாத்தியை. மைக்கு மேலே பார்க்கத் தெரியாது தோழர்களே! அது எப்பொழுதும் கீழேயே பார்க்கும் (கைதட்டல்). ஏனென்றால் மை தடவுகிறவனுக்கும், தடவச் சொல்லுகிறவனுக்கும் வருணாசிரமம் மண்டையில் ஏறியிருக்கிறது.

மந்திரித்த அரிசியை மெல்லச் சொல்லுவதும் அப்படியே. குற்றவாளிக்குத்தான் வாய் உலர்ந்து, அரிசி ஈரமாகாமல் நிற்கும் என்கிறார்கள். பயந்தவனுக்கு வாய் உலருவது உண்மை. ஆனால் ஊர் கூடி நிற்கிறது, மந்திரவாதி உடுக்கை அடிக்கிறான், தன்னைத் திருடி என்று சொல்லப் போகிறார்கள் என்னும்போது குற்றமற்றவளுக்கு வாய் உலராதா? பழகின திருடனுக்குத்தான் உலராது. அவன் இதைப்போலப் பத்து அரிசி பார்த்தவன் (சிரிப்பு).

பஞ்சாங்கம் உண்மை சொன்ன கதை

இனி, அறிவு எப்படிக் குற்றவாளியைக் காட்டும் என்பதற்குச் சரித்திரத்தில் உள்ள ஒரு கேஸைச் சொல்லுகிறேன். 1897ஆம் வருஷம் வங்காளத்தில் ஜல்பைகுரி ஜில்லாவில் தேயிலைத் தோட்ட மானேஜர் ஒருவர் படுக்கையிலேயே கழுத்தறுபட்டுக் கிடந்தார். பெட்டியிலிருந்த பணம் போயிருந்தது. யார் யார்மேல் சந்தேகம் வந்தது தெரியுமா? மானேஜர் கடுமையாய் வேலை வாங்குவாராகையால் தோட்டக் கூலிகள் மேல் வந்தது. உடுப்பில் இரத்தக்கறை இருந்ததால் சமையற்காரன் மேல் வந்தது. பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த காபூல்காரர்கள் மேலும் வந்தது. மை போட்டிருந்தால் இவர்களில் ஒருவர் நிச்சயம் தூக்கில் தொங்கியிருப்பார்.

ஆனால் போலீஸார் அந்தப் பெட்டியைச் சோதித்தார்கள். உள்ளே ஒரு வங்காளிப் பஞ்சாங்கம் இருந்தது. அதன் மேலட்டையில் பழுப்பாய் இரண்டு கறைகள். அதில் ஒன்று பெருவிரல் ரேகை. அதே வருஷத்தில்தான் கல்கத்தாவில் கைரேகைப் பதிவு நிலையம் ஏற்பட்டிருந்தது. அங்கே வைத்திருந்த ரேகைகளோடு ஒத்துப் பார்த்ததில், அந்த மானேஜரிடமே முன்பு வேலை பார்த்து, திருட்டுக்காகச் சிறை சென்று வந்த ஒருவனுடைய வலது பெருவிரல் என்று விளங்கிற்று. சமையற்காரன் உடுப்பிலிருந்தது சாப்பாட்டுக்குப் புறா அறுத்த இரத்தம் என்று தெரிந்தது. இந்த ஒரு தடவைதான், தோழர்களே, பஞ்சாங்கம் உண்மை சொல்லிற்று. அதுவும் அதில் அச்சடித்திருந்த ராகுகாலம் சொல்லவில்லை. அதன்மேல் பட்ட கட்டைவிரல் சொல்லிற்று (பலத்த சிரிப்பு, கைதட்டல்).

இதைவிட முக்கியம் 1898இல் வந்த தீர்ப்பு. "ரேகை இருப்பதால் இவன் பெட்டியைத் தொட்டான், திருடினான் என்பது ருசுவாகிறது, கழுத்தை அறுத்தவனும் இவன்தான் என்பது ருசுவாகவில்லை" என்ற முறையில், திருட்டுக்கு மாத்திரம் தண்டித்துக் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தார்கள். அறிவின் குணம் இதுதான். தனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவோடு நின்றுகொள்ளும். மந்திரவாதிக்குத் தெரியாதது என்று ஒன்றுமே கிடையாது. அதனால்தான் அவன் சொல்வது ஒன்றுக்கும் உதவுவதில்லை.

அந்தக் கைரேகைகளை வகைப்படுத்திக் கண்டுபிடிக்கிற கணக்கை உருவாக்கியதில் பெரும் பங்கு அஜிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிப் போலீஸ் உத்தியோகஸ்தர்களுக்கு உண்டு. பெயர் மாத்திரம் மேலதிகாரி ஹென்றி துரையுடையதாயிற்று. அவர் 1901இல் லண்டன் போலீஸுக்குப் போய் அங்கும் இந்த முறையைக் கொண்டுபோனார். "எல்லாம் நம் வேதத்திலேயே இருக்கிறது" என்று சொல்லுகிறவர்கள், இந்த நாட்டார் இருவர் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு பாடுபட்டு உலகத்துக்குக் கொடுத்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அறிவுக் கருவி ஜாதியின் கையில்

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவி நல்லதாயிருந்தால் மாத்திரம் போதாது. அதே கைரேகையைக் கொண்டு நம் நாட்டில் என்ன செய்தார்கள்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வந்தது. 1911இல் அதை விரிவாக்கிச் சென்னை மாகாணத்திலும் அமல் நடத்தினார்கள். ஒரு ஜாதியில் பிறந்துவிட்டால் பிறந்த குழந்தையே குற்றவாளி! பெயரைப் பதிய வேண்டும். ரேகை வைக்க வேண்டும். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே 'ரேகைச் சட்டம்'. மதுரை ஜில்லா பெருங்காமநல்லூரில் 1920ஆம் வருஷம் ஏப்ரல் 3ஆம் தேதி, ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற கள்ளர் வகுப்பு ஜனங்கள் மேல் போலீஸார் சுட்டார்கள். ஒரு பெண் உட்படப் பலர் செத்தார்கள்.

இந்தச் சட்டத்தைச் செய்தவன் வெள்ளைக்காரன் என்பது உண்மை. ஆனால் பிறப்பினால் ஒருவன் திருடன் என்ற எண்ணம் வெள்ளைக்காரனுக்கு எங்கிருந்து கிடைத்தது? பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன், பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்று ஆயிரக்கணக்கான வருஷங்களாய் எழுதி வைத்திருக்கிற நாட்டில், அந்த எண்ணம் கேட்பாரற்றுக் கிடந்தது. அவன் எடுத்துச் சட்டமாக்கிக்கொண்டான். 1947இல் நம் மாகாணத்திலும், 1952இல் நாடு முழுவதிலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. புஸ்தகத்திலிருந்து ஒழிந்ததே தவிர மனதிலிருந்து ஒழிந்ததா? ஓரிடத்தில் திருட்டு நடந்தால், "அந்தத் தெருவுக்குப் போய் நாலு பேரைப் பிடித்து வா" என்று சொல்லும்போது எந்தத் தெரு என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்கிரகாரத்துக்குப் போய் நாலு பேரைப் பிடித்து வா என்று யாரும் சொல்லக் கேட்டதுண்டா?

லத்தியும் ஒரு மைதான்

இப்பொழுது என் சொந்த இலாகாவைப் பற்றிப் பேச வேண்டும். மந்திரவாதியை மட்டும் கேலி செய்துவிட்டுப் போனால் நான் யோக்கியனாக மாட்டேன்.

மந்திரவாதி மையில் கண்டுபிடிக்கிறேன் என்கிறான். சில போலீஸ்காரர்கள் லத்தியில் கண்டுபிடிக்கிறேன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே. மையைப் பார்க்கிற பிள்ளை எப்படிக் கேட்கிறவன் வேண்டியதைச் சொல்லுகிறதோ, அப்படியே அடிபடுகிறவனும் அடிக்கிறவன் வேண்டியதைச் சொல்லுகிறான். "நகையை எங்கே புதைத்தாய்?" என்றால், "வேப்பமரத்தடியில்" என்பான். வெட்டிப் பார்த்தால் இருக்காது. "கிணற்றுமேட்டில்" என்பான். அங்கேயும் இருக்காது. அவன் ஏமாற்றவில்லை. அடுத்த அடி விழுவதற்குள் மண்வெட்டியோடு நீங்கள் போய் வருகிற அந்தக் கால்மணி நேரத்துக்காக இடத்தைச் சொல்லுகிறான். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த ஒரு கிழ ஏட்டு இதை ஒரே வாக்கியத்தில் சொல்லுவார்: "தம்பி, அடித்தால் வாய்தான் திறக்கும், உண்மை திறக்காது." எந்தப் போலீஸ் பள்ளிக்கூடத்திலும் இதைவிட நல்ல பாடம் நான் படிக்கவில்லை.

இது புதிதல்ல. 1855ஆம் வருஷத்திலேயே சென்னை மாகாணத்தில் சித்திரவதை விசாரணைக் கமிஷன் ஒன்று உட்கார்ந்தது. வரி வசூலுக்காகவும், குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காகவும் கும்பினியின் சேவகர்கள் குடியானவர்களைக் கிட்டி போட்டு விரல்களை நசுக்கினார்கள், குனிய வைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினார்கள் என்றெல்லாம் அந்தக் கமிஷன் எழுதி வைத்தது. அதற்குப் பிறகுதான் 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1872ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில், போலீஸ் உத்தியோகஸ்தரிடம் செய்த குற்ற ஒப்புதலைக் கோர்ட்டில் ருசுவாக வைக்கக்கூடாது என்று விதித்தார்கள். 2024இல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. ஆக நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகச் சட்டமே சொல்லுகிறது, லத்தி வாங்கிய வாக்குமூலத்துக்கு விலை கிடையாது என்று. அப்படியிருந்தும் ஏன் அடிக்கிறார்கள்? துப்பு விசாரிக்க மூளை வேண்டும், பொறுமை வேண்டும், ஆள் வேண்டும், நாள் வேண்டும். அடிக்கக் கை ஒன்றே போதும்.

நடுவே விஞ்ஞானத்தின் பெயராலும் ஒரு மை வந்தது. ஊசி போட்டு மயக்கத்தில் பேச வைத்து உண்மையை எடுக்கிறோம் என்றார்கள். மயக்கத்தில் உளறுவது உண்மை என்றால் சாராயக் கடையில் நித்தியம் சத்தியம் பேசப்படுகிறது என்றுதானே அர்த்தம் (சிரிப்பு). 2010ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டார், சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

2020ஆம் வருஷம் சாத்தான்குளத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். செல்போன் கடை வைத்திருந்த தகப்பனும் பிள்ளையும். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாக ஸ்டேஷனுக்குப் போனவர்கள், இரண்டு பேரும் பிணமானார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் ஏட்டு ஒருவர், இரவு முழுவதும் அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் இரத்தக்கறை பட்டிருந்தது என்று வாக்குமூலம் கொடுத்தார். தோழர்களே, காக்கிச் சட்டையின் வீரம் எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்லுவேன். ஆயுதத்தோடு நிற்கிற திருடனைப் பிடிக்கப் பின்னால் பத்துப் பேர் துணை வருவார்கள். கூட வேலை பார்க்கிறவர்களும் மேலதிகாரிகளும் சூழ்ந்து நிற்கும்போது உண்மையைச் சொல்லுகிற ஒரு பெண்ணுக்கு யார் துணை? எந்தச் சாமி வந்து நின்றது? அவரது மனச்சாட்சியும் மானமும்தான் நின்றன (நீண்ட கைதட்டல்).

நரபலியும் விலங்கும்

"மை பார்ப்பது சின்ன விஷயம், இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் எண்ணலாம். சின்ன விஷயம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். எழுத்தறிவில் இந்தியாவுக்கே முதல் என்று பெயர் வாங்கிய கேரளத்தில், எலந்தூர் என்ற ஊரில், 2022ஆம் வருஷம் இரண்டு பெண்கள் துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் புதைக்கப்பட்டிருந்தார்கள். இருவரும் லாட்டரிச் சீட்டு விற்றுப் பிழைத்தவர்கள். ஒருவர் நம் தருமபுரிப் பக்கத்திலிருந்து கொச்சிக்குப் பிழைக்கப் போனவர். நரபலி கொடுத்தால் செல்வம் பெருகும் என்று ஒரு தம்பதியை மந்திரவாதி வேஷம் போட்ட ஒருவன் நம்ப வைத்தான், அதுவும் பெண் பெயரில் பேஸ்புக்கில் பொய்க் கணக்கு வைத்துப் பழகி நம்ப வைத்தான் என்பது போலீஸார் போட்ட வழக்கு. மந்திரவாதியும் காலத்துக்கேற்ப முன்னேறிவிட்டான் பார்த்தீர்களா! வெற்றிலையை விட்டுவிட்டு பேஸ்புக்குக்கு வந்துவிட்டான்.

பலியிடப்பட்டவர்கள் யார் என்று கவனியுங்கள். இங்கேயும் மை கீழேயே பார்த்தது. காணாமற் போனால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து ஏழைப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஒருவருடைய உறவினர் கேட்டார்கள். கொச்சி போலீஸார் அந்தக் கேள்வியை அலட்சியம் செய்யவில்லை. தெருக் காமிராவில் அந்த அம்மாள் ஒரு வண்டியில் ஏறுவதைப் பார்த்தார்கள். டெலிபோன் போன வழியைப் பார்த்தார்கள். வீட்டைப் போய்ச் சேர்ந்தார்கள். யாரையும் கேட்டு மை போடவில்லை.

நம் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலை கொட்டகை தீப்பிடித்து, மனநோயாளிகள் 28 பேர் செத்தார்கள். ஓட முடியாமல் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள்! பேய் பிடித்தது, தர்காவில் விட்டால் போகும் என்று சொந்தக்காரர்களே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவர்கள். எந்த மதமானால் என்ன, கோவிலானால் என்ன, தர்காவானால் என்ன, சர்ச்சானால் என்ன, சங்கிலி ஒன்றே. இப்படிப்பட்ட இடங்களில் நம்பிக்கை வைத்தவர்கள் அழுதுவிட்டுப் போய்விடுவார்கள். கரிக்கட்டையை எண்ணிப் பஞ்சநாமா எழுதுகிற வேலை காக்கிச் சட்டைக்காரனுடையது. அந்த வேலை பார்த்தவன் எவனும் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல மாட்டான்.

சாமியை மீட்ட போலீஸ்

இனி கொஞ்சம் சிரிக்கக்கூடிய சங்கதி. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டைத் தடுப்பதற்கென்றே 1983இல் போலீஸில் ஒரு தனிப் பிரிவு ஏற்படுத்தினார்கள். காக்கும் கடவுளைக் காக்க ஒரு இலாகா! அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்ற ஊர்க் கோவிலிலிருந்து நடராஜர் காணாமற் போனார். சிதம்பரத்துக்குப் போகவில்லை, கைலாசத்துக்கும் போகவில்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போயிருந்தார்! 2008இல் அங்கிருக்கிற தேசியக் காட்சிசாலையார் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியிருந்தார்கள். அவரை அடையாளம் காட்டியது எது? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நடத்துகிற ஆராய்ச்சி நிலையத்தில் பழைய கோவில் சிலைகளைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் போட்டோவும் இந்தச் சிலையும் ஒத்துப்போயின. 2014இல் திரும்பி வந்தார். விற்ற வியாபாரியை 2011இல் ஜெர்மனியில் பிடித்து, 2012இல் இங்கே கொண்டுவந்து, 2022இல் கும்பகோணம் கோர்ட்டில் பத்து வருஷம் தண்டித்தார்கள்.

சிலை திரும்பி வந்ததில் எனக்கும் சந்தோஷமே. அது நம் நாட்டுச் சிற்பிகள் தேர்ந்த கையால் வார்த்த அருமையான வேலைப்பாடு. வெள்ளைக்காரன் காட்சிசாலையில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் நான் கேட்பது ஒன்றே. மீட்டது ஹோமமா, போட்டோவா? பெயர்த்து எடுக்கிறவன் கையைக்கூடத் தட்டிவிடாத சாமி, கல்யாணமாகாத உன் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடித் தரும் என்றும், உன் பிள்ளையைப் பரீட்சையில் தேற வைக்கும் என்றும் எப்படி நம்புகிறாய்? (சிரிப்பு, கைதட்டல்)

செய்ய வேண்டியது

கடைசியாக என் அபிப்பிராயங்கள் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஸ்டேஷன் எல்லோருக்கும் பொது. அதன் சுவரில் எந்த மதத்துச் சாமி படமும் இருக்கக்கூடாது. 1968இலேயே தோழர் அண்ணாதுரை அவர்கள் மந்திரிசபை, சர்க்கார் ஆபீசுகளில் சாமி படங்கள் வேண்டாம் என்று உத்தரவு போட்டது. உத்தரவு பைலில் இருந்தால் போதாது, சுவரில் தெரிய வேண்டும். உள்ளே வருகிற முஸ்லிமும், கிறிஸ்தவனும், நாஸ்திகனும், தாழ்த்தப்பட்டவனும் "இது என் சர்க்காரின் இடம்" என்று நினைத்து உட்கார வேண்டும்.

அடுத்து, மந்திரம், பில்லி, ஏவல் என்று ஏமாற்றிப் பணம் பறிக்கிறவர்களையும், உயிரை வாங்குகிறவர்களையும் தண்டிக்கத் தனிச் சட்டம் வேண்டும். மகாராஷ்டிரத்தில் அப்படி ஒரு சட்டத்துக்காகப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கரை 2013ஆம் வருஷம் ஆகஸ்டு 20ஆம் தேதி காலை உலாவப் போன இடத்தில் சுட்டுக்கொன்றார்கள். சில நாளில் சட்டம் அவசரமாக வந்தது. சுட்டவர்கள் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2024 வரை ஆயிற்று. கர்நாடகத்திலும் 2017இல் சட்டம் செய்தார்கள். பகுத்தறிவு பேசிய ஈரோட்டுக் கிழவர் பிறந்த நாட்டில் அத்தகைய சட்டத்தை உரத்துக் கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்? அந்தச் சட்டத்துக்கு இங்கேயும் ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டுமென்று காத்திருக்கக் கூடாது.

போலீஸில் இருக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. தம்பிகளே, தங்கைகளே! நீங்களும் பெரும்பாலும் குடியானவன் வீட்டிலும் கூலிக்காரன் வீட்டிலும் பிறந்தவர்கள்தான். மை எந்தத் தெருவைக் காட்டுகிறதோ அந்தத் தெருவில்தான் உங்கள் மாமனும் சித்தியும் இருக்கிறார்கள். சட்டையைப் போட்டவுடன் அதை மறந்துவிடாதீர்கள்.

பொதுஜனங்களாகிய உங்களுக்கும் ஒன்று. "நாலு தட்டுத் தட்டுங்கள், தானாய்ச் சொல்லுவான்" என்று ஸ்டேஷனில் வந்து கேட்கிறவர்கள் யார்? நீங்கள்தான். என்கௌண்டரில் ஒருவனைச் சுட்டால் பட்டாசு வெடிக்கிறவர்கள் யார்? நீங்கள்தான். அடித்து வாங்குகிற உண்மை வேண்டும் என்று நீங்கள் கேட்கிற வரையில், அதைக் கொடுக்க ஆள் இருப்பான். சாட்சி எங்கே, தடயம் எங்கே, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று நீங்கள் கேட்க ஆரம்பித்தால், போலீஸும் மூளையை உபயோகிக்க ஆரம்பிக்கும். கடவுள் விஷயத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கச் சுயமரியாதை இயக்கம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்ததோ, அதே கேள்வியைப் போலீஸ்காரனிடமும் கேளுங்கள். "நீ சொல்வதற்கு ருசு என்ன?" என்று கேளுங்கள். என்னிடமும் கேளுங்கள். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாமல் ஆராய்ந்து பார்த்து, சரி என்று பட்டதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.